பிழைப் பாதையில் நினைவகம்: லினக்ஸ் கர்னலின் முப்பதாண்டு அனுபவம்

சிஎக்ஸ்23888 என்பது டிவி கார்டுகளில் ரிமோட் கண்ட்ரோலின் அகச்சிவப்புக் கதிரையும் படிக்கும் ஒரு சிப். அதற்கான லினக்ஸ் டிரைவரின் தொடக்க ஃபங்ஷன் இரண்டு முறை நினைவகம் கேட்கிறது. ஒன்று தன் நிலையைக் குறித்துவைக்க. மற்றொன்று வரும் சமிக்ஞைகளை வரிசையில் நிறுத்த. முதலாவது கிடைத்து இரண்டாவது கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? 2019 வரை அந்த ஃபங்ஷன் ‘நினைவகம் இல்லை’ என்ற பிழை எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறிவிடும். முதலில் வாங்கிய துண்டின் முகவரி தெரிந்த மாறியும் ஃபங்ஷனோடு மறைந்துபோவதால், கணினியை மறுபடி தொடங்கும்வரை அந்த இடம் யாருக்கும் உதவாது. திருத்தம் என்று பார்த்தால் நினைவகத்தை விடுவிக்கும் கே-ஃப்ரீ என்ற ஒற்றை அழைப்புதான். அந்தக் கசிவுக்கு சிவிஇ-2019-19054 என்று பாதுகாப்புக் குறைபாட்டு எண்ணும் கிடைத்தது.

அந்தச் சமயத்தில் இதே சாயலில் பல எண்கள் வரிசையாக வந்தன. அவற்றில் சிலவற்றை மறுத்தவர்களும் உண்டு. சாதனம் தொடங்கும் அந்த நொடியில் நினைவகம் கிடைக்காதபடி வெளியாள் எப்படிச் செய்வார் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அதே கேள்வி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறது: எழுதியவரே வரவழைக்க முடியாத தோல்வியைச் சமாளிக்கும் வரிகள், எழுதப்பட்ட நாளிலிருந்து ஒருமுறைகூட ஓடாமல் இருக்கலாம்.

இந்தச் சிக்கலின் வேர் சி மொழியில் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய அம்மொழியில், வாங்கிய நினைவகத்தைத் தானாகத் திருப்பித் தரும் ஏற்பாடு கிடையாது. ஐந்து வளங்களை வாங்கும் ஃபங்ஷனில், நான்காவது படி தோற்றால் முந்தைய மூன்றையும் தலைகீழ் வரிசையில் விடுவிக்க வேண்டும். மூன்றாவது தோற்றால் இரண்டை. நிரலில் வேறோர் இடத்துக்குத் தாவச் செய்யும் கோட்டோ கட்டளை கேடு விளைவிக்கும் என்று எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1968இல் எழுதிய கடிதம் ஒரு தலைமுறையையே அந்தச் சொல்லைக் கண்டு முகம் சுளிக்க வைத்திருந்தது. கோட்டோவுக்கும் உரிய இடம் உண்டு என்று 1974இல் டொனால்ட் நூத் நீண்ட கட்டுரையில் வாதிட்டார். லினக்ஸ் தயக்கமின்றி நூத்தின் பக்கம் நின்றது. ஃபங்ஷனின் அடியில் லேபிள்களை அடுக்கி, எந்தப் படியில் தோற்றோமோ அதற்குரிய லேபிளுக்குத் தாவி, அங்கிருந்து சரிந்துகொண்டே வந்து எல்லாவற்றையும் விடுவிப்பதுதான் அதன் அதிகாரபூர்வ எழுத்துநடை விதி.

எர்1, எர்2 என்று லேபிளுக்கு எண் போடாமல், அது எதை விடுவிக்கிறதோ அதையே பெயராக வைக்கும்படி அந்த விதி கேட்கிறது. எல்லாத் தோல்விகளையும் ஒரே லேபிளுக்கு அனுப்பும் சோம்பலுக்கு ‘ஒன் எர் பக்’ என்றே பெயர் சூட்டியிருக்கிறது: வெளிப்பெட்டி கிடைக்காமலே தோற்றிருந்தாலும் அதன் உள்ளிருப்பதை விடுவிக்கப் போய், வெற்றுப் பாயின்டரைத் தொட்டுக் கர்னல் விழும்.

ஒழுங்கான நடை இருந்தும் பிழை ஏன் நிற்கவில்லை? ஒரு காரணம் கர்னலின் தாராள குணம். 8 பக்கங்கள் வரையிலான, அதாவது வழக்கமான 4 கிலோபைட் பக்கக் கணக்கில் 32 கிலோபைட் வரையிலான, சாதாரணக் கோரிக்கையை அது எளிதில் மறுப்பதில்லை. இடம் கிடைக்கும்வரை திரும்பத் திரும்ப முயலும்; முடியாதபோது வேறொரு நிரலைக் கொன்றாவது இடம் தேடும். டிரைவர்கள் கேட்பவை பெரும்பாலும் இந்த அளவுக்குள்தான் இருப்பதால் அவற்றின் பிழைப் பாதைகள் சோதனைக்கு அகப்படாமலே தப்பிவிடுகின்றன.

எல்லாக் கசிவும் சில பைட்டுகளோடு போய்விடுவதில்லை என்பதை 2016 ஜனவரியில் வெளிவந்த சிவிஇ-2016-0728 காட்டியது. கர்னலில் ஒவ்வொரு நிரலுக்கும் கடவுச்சாவிகளை வைத்துக்கொள்ள ‘கீரிங்’ உண்டு. ஒரு கீரிங்கில் சேர விரும்பும் நிரலுக்காக ஒரு ஃபங்ஷன் அதைப் பெயர் சொல்லித் தேடும். கண்டதும் அதன் பயனர் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும். கண்டது ஏற்கெனவே கையிலிருக்கும் அதே கீரிங்தான் என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை. எனவே ‘வெற்றி’ என்று குறித்துவிட்டு எரர்2 என்ற லேபிளுக்குத் தாவியது. அந்த லேபிள் பூட்டைத் திறந்தது. எண்ணிக்கையை மட்டும் குறைக்கவில்லை. வெற்றிகரமான வழி பிழை லேபிளைக் கடன்வாங்கி வெளியேறியபோது கூட்டிய ஒன்று அப்படியே தங்கிவிட்டது.

எண்ணிக்கை 32 பிட் அளவே கொண்டது. ஏறத்தாழ 429 கோடி முறை அழைத்தால் அது சுற்றி வந்து பூஜ்யத்தைத் தொடும். யாரும் பயன்படுத்தவில்லை என்று நம்பிக் கர்னல் அந்த இடத்தை விடுவிக்கும். நிரலோ இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். காலியான இடத்தில் தன் தரவை நுழைத்துவிட்டால் சாதாரணப் பயனர் முழு அதிகாரம் கொண்ட ரூட் ஆகிவிடலாம். 2013 பிப்ரவரியில் வந்த 3.8 பதிப்பிலிருந்து ஏறக்குறைய மூன்றாண்டு இந்த ஓட்டை இருந்தது. இதற்கும் ஒரு வரிதான் மருந்து. 2017இல் 4.11 பதிப்பு புதிய எண்ணிக்கை வகை ஒன்றைக் கொண்டுவந்தது. அது எல்லையை எட்டினால் சுற்றி வராமல் அங்கேயே நின்றுவிடும். நினைவகம் கசிந்தாலும் பரவாயில்லை, பயன்பாட்டில் உள்ளதை விடுவித்துவிடக் கூடாது என்பது இதன் கணக்கு.

மனிதக் கண்ணை நம்பாமல் கருவிகளைத் தேடும் முயற்சி முன்பே தொடங்கிவிட்டது. ஸ்டான்ஃபோர்டில் டாசன் எங்லர் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வு, கர்னலின் மற்றப் பகுதிகளைவிட டிரைவர்களில் பிழைவீதம் 3 முதல் 7 மடங்கு வரை அதிகம் என்றது. நினைவகக் கோரிக்கையை வேண்டுமென்றே தோற்கச் செய்யும் வசதி 2007இல் கர்னலுக்குள்ளேயே வந்தது. கசிவைத் தேடும் கேமெம்லீக் 2009இல். பிரான்சில் ஜூலியா லாவல் குழுவினரின் காக்சினெல், நிரல் வடிவங்களைத் தேடித் திருத்தும் கருவி. அவரும் சகாக்களும் 2013இல் வெளியிட்ட ஹெக்டரின் உத்தி எளிமையானது: ஒரே ஃபங்ஷனில் ஒரு பிழைப் பாதை விடுவிப்பதை இன்னொரு பாதை விடுவிக்காவிட்டால் அங்கே சந்தேகப்படு. லினக்ஸ் உட்பட ஆறு மென்பொருள்களில் 370க்கும் மேற்பட்ட பிழைகளை அது பிடித்தது. அது எழுப்பிய எச்சரிக்கைகளில் 23 சதவீதம் பொய் எச்சரிக்கை.

கருவி காட்டும் இடத்தில் ஒரு விடுவிப்பைச் செருகுவதோடு வேலை முடிந்ததா? இல்லை. தோற்ற அழைப்பு கையில் எதை விட்டுச் சென்றது என்பது ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் வேறு. டிவைஸ்_ரெஜிஸ்டர் தோற்றால் நினைவகத்தை நேரடியாக விடுவிக்கக் கூடாது. புட்_டிவைஸ் வழியாகத்தான் கைவிட வேண்டும். சாதனத்தை விழிக்கச் செய்யும் பிஎம்_ரன்டைம்_கெட்_சிங்க் தோற்றாலும் சாதனத்தின் பயன்பாட்டு எண்ணிக்கையைக் கூட்டிவிடும். தோற்றது கூட்டியிருக்காது என்று எண்ணியவர்கள் தவறவிட்டதைச் சரிசெய்ய 2020இல் பேட்ச்கள் குவிந்தன. அந்த ஆண்டு இறுதியில் 5.10 பதிப்பு, தோற்றால் தானே எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும் மாற்று ஃபங்ஷனைத் தந்தது. தவறவிட்டவர்களைவிட, அந்தப் பழைய ஃபங்ஷனின் வடிவத்தைத்தான் குறைசொல்லத் தோன்றுகிறது.

இத்தகைய சிறு திருத்தங்களைச் சரிபார்ப்பவர்கள் எளிதில் நம்பிவிடுகிறார்கள் என்பதையே மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதனைப் பொருளாக்கினார்கள். பிழைப் பாதைத் திருத்தம் போலத் தோன்றி, விடுவித்த நினைவகத்தை மறுபடி தொட வைக்கும் பேட்ச்களை அனுப்பிப் பார்த்தார்கள். 2021 ஏப்ரலில் கர்னல் பராமரிப்பாளர் கிரெக் க்ரோ-ஹார்ட்மன் அப்பல்கலைக்கழகத்தின் பங்களிப்புகளுக்கே தடை விதித்தார்.

பாதையைத் திருத்துவதைவிடப் பாதையே இல்லாமல் செய்வது மேல் என்ற எண்ணம் 2007இல் தெஜுன் ஹியோவின் டெவ்ரெஸ் வடிவில் 2.6.21 பதிப்பில் சேர்ந்தது. வன்வட்டு டிரைவர்களின் தோல்விப் பாதைகளில் கண்ட அலங்கோலம்தான் அவரை உந்தியது. வாங்கிய ஒவ்வொன்றையும் சாதனத்தின் கணக்கில் எழுதிவைத்தால், டிரைவர் பொருந்தாமல் போகும்போதோ கழற்றப்படும்போதோ கர்னலே தலைகீழ் வரிசையில் எல்லாவற்றையும் விடுவித்துவிடும். இதிலும் ஒரு குழி உண்டு. யுஎஸ்பி கேமராவைப் பிடுங்கிய பிறகும் ஏதோ ஒரு நிரல் அதன் கோப்பைத் திறந்தே வைத்திருக்கலாம். சாதனத்தோடு நினைவகமும் போய்விட்டால் அந்த நிரல் காலி இடத்தைத் தொடும்.

2023இல் பீட்டர் ஸைல்ஸ்ட்ராவின் முயற்சியால் 6.5 பதிப்பில் வந்தது இன்னொரு வழி. மாறி தன் எல்லையைத் தாண்டும்போது குறிப்பிட்ட ஃபங்ஷனை அழைக்கும் வசதி ஜிசிசி கம்பைலரில் நெடுங்காலமாகவே இருந்தது. கர்னல் அதை அப்போதுதான் கையில் எடுத்தது. ஆனால் பொருளின் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைக்கும் வரியை மறந்தால் நல்ல பொருளும் விடுவிக்கப்பட்டுவிடும். ஒரே ஃபங்ஷனில் கோட்டோவையும் இதையும் கலக்காதே என்றும் சொல்கிறது கர்னல் ஆவணம். உரிமையைக் கம்பைலரே கணக்கு வைக்கும் ரஸ்ட் மொழி 2022 டிசம்பரில் 6.1 பதிப்பின் வழியாகக் கர்னலுக்குள் நுழைந்தாலும், ஏற்கெனவே சி மொழியில் இருக்கும் டிரைவர்களை அது தானாக மாற்றிவிடாது.

எல்லோரும் இந்தத் தானியங்கி வழிகளைக் கைதட்டி வரவேற்கவில்லை. நெட்வொர்க் பகுதியின் பராமரிப்பாளர்கள் தானியங்கி விடுவிப்பு தரும் வாக்குறுதிகளைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். டெவ்ரெஸையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. பூட்டைத் தானே திறந்துவிடும் ‘கார்ட்’ வசதியை 20 வரிக்கு மேல் நீளும் ஃபங்ஷனில் தவிர்க்கச் சொல்கிறது அவர்களுடைய விதி.