கொல்லிமலை மிளகும் இலங்கை வழி வந்த மிளகும்

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலைக்குப் போக, காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டும். மேலே சென்றால் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி சுற்றிப் படர்ந்திருப்பதையும், அவற்றின் நிழலில் காபிச் செடிகள் நிற்பதையும் காணலாம். அங்கு வாழும் மலையாளி பழங்குடி மக்களுக்கு மிளகு வெறும் பயிர் அல்ல. நன்றாகக் காய்ந்த மிளகை மூட்டை கட்டி வைத்தால் சீக்கிரம் கெடாது. ஆகவே பிள்ளையின் படிப்புக்கோ, வீட்டுத் திருமணத்துக்கோ தேவைப்படும்போது எடுத்து விற்கக்கூடிய சேமிப்பு அது.

அந்தச் சேமிப்பின் மதிப்பை நிர்ணயிப்பது மழையும் உழைப்பும் மட்டும்தானா? இல்லை. டெல்லியிலும் கொழும்பிலும் எழுதப்படும் சுங்க வரி அட்டவணைகளுக்கும் அதில் பங்கு உண்டு. இரண்டு அண்டை நாடுகளுக்கு இடையே வரி குறைந்தபோது என்ன நடந்தது, மீண்டும் தடை எழுந்தபோது என்ன நடந்தது என்பதை மிளகை வைத்தே பார்க்கலாம்.

மிளகுக்கு வரி புதிதல்ல

கொல்லிமலை சங்க காலத்தில் வல்வில் ஓரியின் நாடு. திருக்கோவலூர் மலையமான் காரி அவனைப் போரில் கொன்று, கொல்லிமலையைச் சேர மன்னனுக்குக் கொடுத்ததாகச் சங்க இலக்கியம் கூறுகிறது. அந்தச் சேரர்களின் துறைமுகமான முசிறியிலிருந்துதான் மிளகு கப்பலேறி ரோமாபுரிக்குச் சென்றது. யவனர்கள் பொன்னைக் கொடுத்து மிளகை வாங்கினர்.

வியன்னாவில் பாதுகாக்கப்படும் 'முசிறி பாப்பிரஸ்' என்ற கி.பி. 2-ஆம் நூற்றாண்டு ஆவணம் இந்த வணிகத்தின் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. முசிறியிலிருந்து வந்த சரக்குகளுக்கு ரோமானிய அரசு நான்கில் ஒரு பங்கை, அதாவது 25 சதவீதத்தை வரியாக எடுத்துக்கொண்டது. ஆக, வரி என்பது மிளகு வணிகத்தின் கூடவே வளர்ந்த ஒன்று. ஆனால் அந்த வரி தொலைதூர நாட்டுப் பொருளுக்கு விதிக்கப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரருடன் வரிச் சிக்கல் வரும்போது கதை வேறு விதமாகிவிடுகிறது.

பாக் நீரிணையின் இரு கரைகள்

இந்தியாவையும் இலங்கையையும் பிரிப்பது ஒரு குறுகிய கடல். ஆங்கிலேயர் காலத்தில் இரு நாடுகளும் ஒரே பேரரசின் கீழ் இருந்தன. விடுதலைக்குப் பிறகு இரண்டும் தனித்தனி வரிச் சுவர்களை எழுப்பின. 1977-இல் இலங்கை தன் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. இந்தியாவில் அப்போது கடும் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. விளைவு என்ன? வெளிநாட்டுத் துணிகளும் மின்னணுப் பொருட்களும் படகேறித் தமிழகக் கடற்கரைக்கு வந்தன. கோடியக்கரை, வல்வெட்டித்துறை என்ற பெயர்கள் கடத்தலோடு சேர்த்துப் பேசப்பட்டன.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். இரண்டு அண்டை நாடுகளின் வரிகளுக்கு இடையே பெரிய வித்தியாசம் இருந்தால், அந்த வித்தியாசமே ஒரு வியாபாரமாகிவிடும்.

1998 ஒப்பந்தம்

1998 டிசம்பர் 28 அன்று புதுடெல்லியில் இந்தியப் பிரதமர் வாஜ்பாயும் இலங்கை அதிபர் சந்திரிகா குமாரதுங்காவும் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். அது 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா பெரிய நாடு என்பதால் தன் வரிகளை வேகமாகக் குறைத்தது. இலங்கைக்குக் கூடுதல் அவகாசம் தரப்பட்டது.

பலன் கண்கூடாகத் தெரிந்தது. 1999-இல் இந்தியாவுக்கான இலங்கையின் ஏற்றுமதி 5 கோடி டாலரைக்கூட எட்டவில்லை. 2005-இல் அது 55 கோடி டாலரைத் தாண்டியது. ஆனால் அந்த ஏற்றுமதியின் பெரும்பகுதி என்ன என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். தேயிலையும் இல்லை, பட்டையும் இல்லை. செம்பும் வனஸ்பதியும்தான்!

இலங்கையில் செம்புச் சுரங்கம் கிடையாது. வெளிநாட்டிலிருந்து பழைய செம்பை வாங்கி, உருக்கி, இந்தியாவுக்கு அனுப்பினார்கள். வனஸ்பதிக்கான பாமாயிலும் வெளியிலிருந்துதான் வந்தது. பாமாயிலுக்கு இந்தியாவில் வரி மிக அதிகம், இலங்கையில் குறைவு. ஆகவே இலங்கையில் வனஸ்பதி ஆலை வைத்து, அங்கே டால்டா செய்து, வரியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவருவது லாபமாக இருந்தது. அந்த ஆலைகளில் முதலீடு செய்தவர்களில் இந்தியர்களும் இருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்திய வனஸ்பதி ஆலைக்காரர்கள் கொதித்தெழுந்தனர். ஆண்டுக்கு 2,50,000 டன் என்று வரம்பு வைக்கப்பட்டது. பிறகு 2008-இல் விலைவாசியைக் கட்டுப்படுத்த இந்தியா கச்சா சமையல் எண்ணெய் மீதான வரியைப் பூஜ்யமாக்கியது. அவ்வளவுதான், இலங்கை வழியாக வருவதில் இருந்த லாபம் மறைந்தது. அங்கிருந்த ஆலைகள் மூடப்பட்டன, வேலை செய்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். வரி வித்தியாசத்தை மட்டும் நம்பி எழுந்த தொழில், அந்த வித்தியாசம் போனதும் விழுந்துவிட்டது.

மிளகின் முறை

அடுத்து வந்தது மிளகு. இங்கே மூன்றாவதாக ஒரு நாடு நுழைகிறது. அது வியட்நாம். ஒரு காலத்தில் உலக மிளகுச் சந்தையில் இந்தியாவே முதலிடத்தில் இருந்தது. 1986-இல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பிறகு வியட்நாம் மிளகைப் பெருமளவில் பயிரிட்டு, 2000-களின் தொடக்கத்திலேயே எல்லோரையும் முந்திவிட்டது.

இந்தியாவின் பொதுவான மிளகு இறக்குமதி வரி 70 சதவீதம். 2010-இல் நடைமுறைக்கு வந்த ஆசியான் ஒப்பந்தத்தின்படி வியட்நாம் மிளகுக்கு வரி படிப்படியாகக் குறைந்தாலும் 50 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை. ஆனால் இலங்கை மிளகுக்கு நிலைமை வேறு. இருநாட்டு ஒப்பந்தத்தின்கீழ் ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியே இல்லை. அதற்கு மேல் வந்தால் சாஃப்டா எனப்படும் தெற்காசிய ஒப்பந்தப்படி 8 சதவீதம் மட்டுமே.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வியட்நாம் மிளகு கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நேராக இந்தியாவுக்கு வந்தால் 50 சதவீத வரி சேர்ந்து 300 ரூபாய் ஆகும். அதே மிளகு கொழும்பில் இறங்கி, இலங்கை மிளகு என்ற சான்றிதழோடு வந்தால் 216 ரூபாய்தான். கிலோவுக்கு 84 ரூபாய் மிச்சம். ஒரு டன்னுக்கு 84,000 ரூபாய்! மிளகைப் பயிரிடாமலே, பறிக்காமலே, காய வைக்காமலே கிடைக்கும் லாபம் இது.

இதைத் தடுக்கத்தான் 'பிறப்பிட விதிகள்' இருக்கின்றன. பொருள் உண்மையில் ஒப்பந்த நாட்டில் விளைந்திருக்க வேண்டும், அல்லது அங்கே குறிப்பிட்ட அளவு மதிப்புக் கூட்டப்பட்டிருக்க வேண்டும். ஆனால் மூட்டையில் கட்டிய கருமிளகைப் பார்த்து எந்தக் கொடியில் காய்த்தது என்று சொல்வது எளிதல்ல. வியட்நாம் மிளகு இலங்கை மிளகாக மாறி வருகிறது என்று இந்திய மிளகு விவசாயிகள் திரும்பத் திரும்பப் புகார் செய்தனர்.

2010-களின் நடுப்பகுதியில் கிலோ 600, 700 ரூபாய் என்று விற்ற மிளகு, உலகச் சந்தையில் வரத்து பெருகியதால் இறங்கத் தொடங்கியது. இலங்கை வழி வந்த மிளகு அந்த இறக்கத்தை இன்னும் கூர்மையாக்கியது என்பதே விவசாயிகளின் வாதம். கூர்க், வயநாடு, இடுக்கி பகுதிகளில் பெரிய தோட்டக்காரர்கள் சங்கம் வைத்து டெல்லி வரை போனார்கள். கொல்லிமலையில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள். விலை ஏன் விழுந்தது என்று அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்வதில்லை. செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ வியாபாரி சொல்லும் விலைதான் அவர்களுக்குத் தெரியும்.

500 ரூபாய் வேலி

2017 டிசம்பரில் இந்திய அரசு மிளகுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலையாகக் கிலோவுக்கு 500 ரூபாயை நிர்ணயித்தது. 2018 மார்ச்சில், அதற்குக் குறைந்த விலையில் மிளகை இறக்குமதி செய்வதே தடை செய்யப்பட்டது. ஏற்றுமதிக்காக மிளகுச் சாரம் எடுக்கும் ஆலைகள் போன்றவற்றுக்குப் பின்னர் விலக்கு அளிக்கப்பட்டது.

பெயரளவில் இது வரி அல்ல. ஆனால் வரியைவிடக் கடுமையான வேலி. ஒப்பந்தம் கொடுத்த சலுகையை ஒப்பந்தத்தைத் தொடாமலே எடுத்துக்கொண்டது போல ஆயிற்று.

இதனால் அடி வாங்கியவர் யார்? கொழும்பில் மூட்டை மாற்றிய வணிகர் வேறு சரக்குக்குப் போய்விடலாம். மாத்தளையிலும் கண்டியிலும் வீட்டுத் தோட்டத்தில் மிளகுக்கொடி வைத்திருக்கும் சிறு விவசாயி எங்கே போவார்? இலங்கை மிளகில் காரமும் எண்ணெய்ச் சத்தும் அதிகம். அதனால் மிளகுச் சாரம் எடுக்கும் இந்திய ஆலைகள் அதை விரும்பி வாங்கின. இலங்கை மிளகின் மிகப் பெரிய வாடிக்கையாளரே இந்தியாதான். அந்தக் கதவு சாத்தப்பட்டபோது அங்கேயும் விலை விழுந்தது. வியட்நாம் மிளகைக் கொண்டுவந்து எங்கள் மிளகின் பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்று இலங்கை விவசாயிகளும் குரல் எழுப்பினர். மறு ஏற்றுமதிக்காக மிளகு முதலியவற்றை இறக்குமதி செய்வதை இலங்கை அரசே 2019 டிசம்பரில் தடை செய்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கொல்லிமலை விவசாயியும் மாத்தளை விவசாயியும் எதிரெதிர் அணியில் நிற்பது போலத் தோன்றினாலும், இருவரின் குறையும் ஒன்றே. இருவரையும் மோத விட்டது இரண்டு வரி அட்டவணைகளுக்கு இடையே இருந்த இடைவெளி.

வேலி பயன் தந்ததா?

கொல்லிமலைக்கு உடனடியாகப் பெரிய பயன் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. வேலி போட்ட பிறகும் 2018, 2019 ஆண்டுகளில் உள்நாட்டு விலை 500 ரூபாயைத் தொடவில்லை. 300-க்கும் 400-க்கும் இடையிலேயே பெரும்பாலும் கிடந்தது. 500 ரூபாய் என்று கணக்குக் காட்டிக் குறைந்த விலை மிளகு வருகிறது என்றும், நேபாளம், மியான்மர் எல்லை வழியாகக் கடத்தல் நடக்கிறது என்றும் புகார்கள் எழுந்தன. விலை மீண்டும் 500-ஐக் கடந்தது 2021-இல்தான். அதற்கு முக்கியக் காரணம் உலகச் சந்தையில், குறிப்பாக வியட்நாமில், விளைச்சல் குறைந்ததே.

நாடுகளின் உறவிலும் கசப்பு தங்கியது. பொருள் வணிகத்தைத் தாண்டிச் சேவைகளையும் முதலீட்டையும் சேர்த்து விரிவான ஒப்பந்தம் ஒன்றை 2008-இல் கொழும்பு சார்க் மாநாட்டின்போது கையெழுத்திடத் திட்டமிட்டிருந்தார்கள். இலங்கையில் எழுந்த எதிர்ப்பால் அது நடக்கவில்லை. இந்தியா கொடுக்கும் சலுகையை எப்போது வேண்டுமானாலும் வரம்பு போட்டுச் சுருக்கிவிடும் என்ற சந்தேகம் வனஸ்பதி காலத்திலிருந்தே அங்கே இருந்தது. வேறு பெயரில் 2016-இல் தொடங்கிய பேச்சும் இழுத்துக்கொண்டே போனது. சின்ன மிளகு சுவர் எழுப்பவில்லை என்றாலும், சுவருக்கு ஒரு கல் எடுத்துக் கொடுத்தது.

உலக அனுபவம்

இந்தச் சிக்கலை வேறு நாடுகளும் சந்தித்திருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஜெர்மனி பல சிறு நாடுகளாகப் பிரிந்து கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு எல்லையிலும் கடத்தல். பிரஷ்யாவின் முயற்சியால் 1834-இல் 'சோல்வெரைன்' என்ற சுங்க ஒன்றியம் உருவானது. உள்ளே வரி இல்லை, வெளிநாட்டுப் பொருளுக்கு எல்லோரும் ஒரே வரி. எந்த வாசல் வழியாக வந்தாலும் ஒரே கட்டணம் என்றால், சுற்று வழியில் வர யாருக்கு ஆசை வரும்?

இந்தியாவும் இலங்கையும் உடனே அப்படி ஒன்றாகிவிட முடியாது. அளவில் இரண்டும் மிக வேறுபட்டவை. ஆனால் மிளகு போன்ற ஒரு பொருளிலாவது வெளிநாட்டு இறக்குமதிக்கு இரு நாடுகளும் ஒத்த வரியை வைத்துக்கொள்ளலாம். பிறப்பிடச் சான்றிதழை இரு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து சரிபார்க்கலாம். ஒரு நாடு எவ்வளவு விளைவித்தது, எவ்வளவு அனுப்பியது என்ற கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதித் திருட்டு வெளிப்பட்டுவிடும்.

முடிவுரை

வரியைக் குறைத்தால் நட்பு வளரும் என்பது பாதி உண்மை. குறைத்த வரியின் பலன் யாருக்குப் போகிறது என்பதைப் பார்க்காவிட்டால், அதே வரிக் குறைப்பு பகையையும் வளர்க்கும். 1998 ஒப்பந்தம் தவறானது அல்ல. வாசலைத் திறந்தவர்கள் யார் உள்ளே வருகிறார்கள் என்று பார்க்கத் தவறினார்கள். பிறகு கோபத்தில் வாசலையே சாத்தினார்கள். இரண்டு முறையும் பாதிக்கப்பட்டவர் மிளகுக்கொடியின் அடியில் ஏணி வைத்து ஏறிப் பறிக்கும் மனிதரே.

அந்த மனிதர் கொல்லிமலையிலும் இருக்கிறார், மாத்தளையிலும் இருக்கிறார். அடுத்த ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் அவர்கள் இருவரையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுத வேண்டும்.