கப்பலில் ஒரே பந்தி

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளிலிருந்து பிழைப்பு நாடி மலாயா சென்ற குடும்பங்களின் பிள்ளைகளாகிய எங்களுக்கு, கடல் என்றதும் 'எஸ்.எஸ். ரஜூலா' கப்பலே நினைவுக்கு வரும். 1926-ல் கட்டப்பட்ட அக்கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் துறைமுகங்களை இணைத்தது.

பெற்றோருடன் ஊர் திரும்புகையில் 'டெக்'கில் பாய் விரிப்போம், தகரப்பெட்டியே சுவர். அம்மா தலைசுற்றிப் படுத்துவிட்டால் அடுத்த பாயில் இருப்பவர்கள் எங்களுக்குச் சோறூட்டுவார்கள். என்ன சாதியென்று எவரும் கேட்டதில்லை. நாகையில் இறங்கி, ரயிலில் விழுப்புரம் வந்து சேர்ந்ததும் பழைய தெருக்கள் எங்களைத் தனித்தனியே பிரித்துவிடும்.

ரஜூலா 1973-ல் ஓய்வு பெற்றது. பின்வந்த 'எம்.வி. சிதம்பரம்' 1985-ல் தீப்பற்றியபின் அக்கடல்வழிப் பயணமும் முடிந்தது. கப்பலில் கண்ட அந்த ஒரே பந்தி நம் ஊரிலும் அமைய வேண்டும் என்பதே எங்கள் ஆவல்.