தேர்தற் குற்றத்தை எந்த நியாயஸ்தலத்தில் விசாரிப்பது?

களவு கொடுத்தவன் கள்வனுடைய மாமன் வீட்டுத் திண்ணையில் பிராது சொல்லப் போனால் என்ன கிடைக்கும் என்பதை நம் கிராமங்களில் வாழ்ந்த எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை. நியாயம் இன்னதென்று அறிவதற்கு முன்னரே, அதை எவர் முன்னிலையில் கேட்பது என்னும் வினா எழுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தேர்தற் குற்றங்களைக் குறித்து இவ்வினா எழுந்து, ஒரு நூற்றாண்டு தீராது நின்ற வரலாற்றை நம் நேயர்களுக்குச் சுருக்கிக் கூற விரும்புகின்றோம்.

அந்நாட்டின் உள்நாட்டு யுத்தம் 1865-ல் முடிந்தது. அடிமை முறையும் ஒழிந்தது. 1870-ல் அரசியல் சட்டத்தின் 15-வது திருத்தம் நிறைவேறி, இனத்தையோ நிறத்தையோ முன்னர் அடிமையாயிருந்தமையையோ காரணங்காட்டி எவருக்கும் வாக்குரிமையை மறுத்தலாகாது என விதித்தது. உரிமை ஏட்டில் ஏறிற்று. ஆனால் தென் இராஜ்யங்களில் அவ்வுரிமையைச் செலுத்தச் சென்ற கறுப்பர்களைக் கு க்ளக்ஸ் கிளான் என்னும் கூட்டத்தார் இரவில் முகமூடியணிந்து வந்து சவுக்காலடித்தனர், சுட்டுக் கொன்றனர், குடிசைகளைக் கொளுத்தினர். கொலையும் தீவைப்பும் எல்லா இராஜ்யங்களிலும் குற்றங்களே. சட்டம் இல்லாமையன்று குறை. ஷெரீப் என்னும் காவலதிகாரியும், ஜூரிமாரும் பலவிடங்களில் அக்கூட்டத்தாருக்கு உறவினராகவோ, அஞ்சியவராகவோ இருந்தனர். சில இடங்களில் அக்கூட்டத்தாராகவே இருந்தனர். சாக்ஷி சொன்னவன் உயிருடன் வீடு திரும்புவான் என்பது நிச்சயமில்லை.

இந்நிலையில் 1870 மே 31-ல் காங்கிரஸ் மகாசபை ஒரு சட்டம் செய்தது. வாக்களிப்போரை அச்சுறுத்தச் சதிசெய்து முகமூடியுடன் திரிவோர்க்குப் பத்தாண்டு வரை சிறையும், ஐயாயிரம் டாலர் வரை அபராதமும் அதன் 6-வது பிரிவில் விதிக்கப்பட்டன. எனினும் உயிர்நிலையான பகுதி 8-வது பிரிவே என்பது எமது அபிப்பிராயம். இச்சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களை ஐக்கிய அரசாங்கத்தின் நியாயஸ்தலங்கள் மாத்திரமே விசாரிக்கும். இராஜ்ய நியாயஸ்தலங்களுக்கு அவற்றில் அதிகாரமில்லை என்று அது கூறிற்று. 1871 ஏப்ரலில் வந்த மற்றொரு சட்டம், இத்தகைய வழக்குகளில் அமரும் ஒவ்வொரு ஜூரரும், தாம் அவ்விதச் சதி எதற்கும் துணைபோகவில்லை என்று பகிரங்கமாகச் சத்தியம் செய்ய வேண்டுமென்றது. நடுவராய் அமர்பவனிடமே “நீ இக்கொலையில் சேர்ந்தவனல்லவே?” என்று கேட்க வேண்டியிருந்த நாட்டின் நிலைமையை என்னென்பது!

எதிர்த்தவர்களின் வாதம் முற்றிலும் அற்பமானதன்று. குற்றம் நிகழ்ந்த இடத்தாரே அதை விசாரித்தல் இங்கிலாந்திலிருந்து வந்த பழைய உரிமை. தங்களைக் கடல் கடத்திக் கொண்டுபோய் விசாரிப்பதை 1776-ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனத்திலேயே அமெரிக்கர் ஒரு முறைப்பாடாக வைத்திருந்தனர். ஆயின் புதிய சட்டம் எவரையும் கடல் கடத்தவில்லை. விசாரணை அதே இராஜ்யத்துக்குள்ளேயே நிகழ்ந்தது. மாறியது நியாயாசனம் ஒன்றே.

அம்மாற்றத்தின் பயன் விரைவிலேயே தெரிந்தது. 1871 அக்டோபரில் தென் கரோலினாவின் ஒன்பது கவுண்டிகளில் ஜனாதிபதி கிராண்ட் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்தார், நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டனர். நவம்பரில் கொலம்பியா நகரில் விசாரணை தொடங்கியபோது ஜூரிகளில் பெரும்பாலோர் கறுப்பர்கள். அடிபட்டவர்கள் அடித்தவர்களின் முன்னே நின்று சாக்ஷி சொன்னார்கள். பலர் தாமே குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அவ்விராஜ்யத்தில் கிளானின் வலிமை முறிந்தது.

லூயிசியானாவில் நிகழ்ந்ததோ வேறு. 1872-ஆம் வருஷத் தேர்தலில் வென்றவர் எவர் என்ற பிணக்கினால், 1873 ஏப்ரல் 13-ல், ஈஸ்டர் பண்டிகையன்று, கோல்ஃபாக்ஸ் என்னும் ஊரின் நியாயஸ்தலக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பர்களை ஆயுதந்தாங்கிய வெள்ளையர் தாக்கினர். இறந்தோர் தொகையில் கருத்து வேற்றுமை உண்டு. அறுபதுக்குக் குறையாது என்பர். சரணடைந்த பின் சுடப்பட்டவரும் அவருள் அடக்கம். 97 பேர்மீது நியூ ஆர்லியன்ஸில் ஐக்கிய அரசாங்கம் குற்றஞ்சாட்டியது; ஒன்பதின்மரே விசாரணைக்கு வந்தனர்; மூவரே குற்றவாளிகளாயினர், அதுவும் கொலைக்கன்று, சதிக்கு. அம்மூவரையும் 1876 மார்ச் 27-ல் சுப்ரீம் கோர்ட்டு விடுவித்தது. குற்றப்பத்திரிகையில் பிழை, 14-வது திருத்தம் இராஜ்யங்களைக் கட்டுப்படுத்துமேயன்றித் தனிமனிதரைக் கட்டுப்படுத்தாது, உயிரைக் காத்தல் இராஜ்யத்தின் கடமை என்பன அத்தீர்ப்பின் சாரம். அதாவது, மாமன் வீட்டுத் திண்ணைக்கே திரும்பிப் போ என்பது. கோல்ஃபாக்ஸ் கொலைகளுக்காக முடிவில் ஒருவரும் தண்டனை பெற்றிலர்.

1894-ல் காங்கிரஸே தேர்தற் சட்டங்களின் பெரும்பகுதியை ரத்துசெய்தது. ஆயினும் 6-வது பிரிவின் வித்து அழியவில்லை. தண்டச் சட்டத் தொகுப்பில் வேறோர் எண்ணுடன் கிடந்தது. 1964 ஜூன் 21-ல் மிஸ்ஸிஸிப்பியில், கறுப்பரை வாக்காளராகப் பதிவுசெய்யும் இயக்கத்தில் உழைத்த ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் என்னும் மூன்று வாலிபர்கள் கொல்லப்பட்டனர். இராஜ்யம் எவர்மீதும் கொலைக்குற்றம் சாட்டவில்லை. ஐக்கிய அரசாங்கமே அப்பழைய பிரிவின் வழிவந்த சட்டத்தைக் கையிலெடுத்தது. 1967 அக்டோபரில் மெரிடியன் நகரில், வெள்ளையர் மாத்திரமே அமர்ந்த ஜூரி எழுவரைச் சதிக்குற்றவாளிகள் என்றது. எட்கர் ரே கில்லன் என்னும் உபதேசியார் விஷயத்தில் மாத்திரம், உபதேசியார் ஒருவரைத் தண்டிக்க மனம் வராத ஒரு ஜூரரால் முடிவு ஏற்படவில்லை. அவர் வீடு சென்றார். அவரை மிஸ்ஸிஸிப்பி இராஜ்யத்தின் சொந்த நியாயஸ்தலம், அதே நெஷோபா கவுண்டியில், மூன்று மரணங்களுக்கும் குற்றவாளியென்று தீர்த்த நாள் 2005 ஜூன் 21. அப்போது அவருக்கு வயது எண்பது.