ஜொகூர் ஆற்றங்கரையில் கண்ணாடி மணிகள்: ஒரு மாணவனின் கேள்வி



நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் மலாக்கா மலாய்ச் சுல்தானியத்தைக் கற்பித்து முடித்த நாளன்று, பாடநூலைச் சற்றே விலக்கி வைத்துவிட்டு, நம் ஜொகூர் மாநிலத்தின் கதையை மாணவர்களுக்குக் கூறினேன். 1511-ஆம் ஆண்டில் மலாக்கா போர்த்துகீசியர் வசமானது. அதன்பின் சுல்தான் மாமுட் ஷாவின் மைந்தர் சுல்தான் அலாவுடின் ரியாயாட் ஷா ஜொகூர் ஆற்றங்கரையில் புதிய ஆட்சியை அமைத்தார். ஏறத்தாழ 1540-இல் ஜொகூர் லாமாவில் கோட்டை எழுந்தது. 1587-இல் போர்த்துகீசியப் படை அதனை அழித்தது. அக்கோட்டையின் மண் அரண்களை இன்றும் கோத்தா திங்கி மாவட்டத்தில் காணலாம். இவ்வளவையும் கூறியபின், அந்த ஆற்றோரத்தில் பழங்காலக் கண்ணாடி மணிகள் கண்டெடுக்கப்பட்டன என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

உடனே ஒரு மாணவன் எழுந்தான். பாடத்தில் அவ்வளவாக நாட்டம் காட்டாதவன். ஆயினும் அன்று அவன் முகத்தில் தனி ஒளி இருந்தது.

"ஆசிரியர், அந்தக் கோட்டையில் கண்ணாடி உலை எங்கே இருந்தது?" என்று கேட்டான்.

விசாரித்தபோது காரணம் புரிந்தது. அவன் தன் அண்ணனுடன் கணினியில் 'டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்' என்னும் கோட்டை கட்டும் விளையாட்டை ஆடுபவன். அதில் கோட்டைவாசிகள் பைகளில் மணல் அள்ளி வர வேண்டும். மரத்தை எரித்துக் கரியாக்க வேண்டும். கண்ணாடி உலை ஒன்றைக் கட்ட வேண்டும். அதன்பிறகே சாதாரணக் கண்ணாடி கிடைக்கும். தெளிந்த கண்ணாடி வேண்டுமெனில் சாம்பலிலிருந்து எடுத்த காரத்தையும் சேர்க்க வேண்டும். "ஜொகூர் லாமாவில் ஆறு இருக்கிறது, மணல் இருக்கிறது, சுற்றிலும் காடு இருக்கிறது. அப்படியென்றால் உலையும் இருந்திருக்கும்தானே?" என்றான்.

வகுப்பில் சிரிப்பொலி எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயிற்சிக் கழகத்தில் நான் கற்ற வரலாற்று முறைகளைவிட அந்தச் சிறுவனின் வினா கூர்மையாக இருந்தது. ஒரு பொருளைக் கண்டால் அதை எவர், எங்கே, எதைக் கொண்டு, எவ்வாறு செய்தனர் என்று கேட்பதுதானே வரலாற்றின் முதற்படி! அவனுக்கு நான் அளித்த விடையைச் சற்று விரிவாக இங்கே பதிகிறேன்.

மணலும் காரமும் நெருப்பும்

கண்ணாடியின் முதன்மை மூலப்பொருள் மணல். தூய மணல் உருக ஏறத்தாழ 1700 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. பண்டைய உலைகளால் அவ்வெப்பத்தை எட்ட இயலாது. ஆகவே மணலுடன் காரத்தைக் கலந்தனர். காரம் சேர்ந்தால் 1000 பாகையை ஒட்டிய வெப்பத்திலேயே கலவை இளகத் தொடங்கும். மத்தியதரைக் கடல் நாடுகளில் இதற்கு எகிப்தின் உவர் ஏரிகளில் படியும் சோடா உப்பைப் பயன்படுத்தினர். நம் முன்னோர் வாழ்ந்த தென்னிந்தியாவில் நிலத்தின் மேல் வெண்மையாகப் பூக்கும் உவர்மண் கிடைத்தது. ஒரு காலத்தில் துணி வெளுக்க உதவிய அதே உவர்மண்தான்.

வண்ணம் தருவதும் ஒரு நுட்பமே. செம்பைச் சேர்த்துக் காற்றோட்டமுள்ள தீயில் உருக்கினால் கண்ணாடி நீலப் பச்சையாகும். அதே செம்பைச் சேர்த்து, காற்றுக் குறைந்த புகைத்தீயில் உருக்கினால் செங்கல் போன்ற சிவப்பாகும். பொருள் ஒன்று, தீ இருவகை, நிறம் இரண்டு. ஏட்டில் எழுதிவைத்துக் கற்கும் பாடமன்று இது. உலையின் முன் ஆண்டுக்கணக்கில் நின்று, கண்ணாலும் கையாலும் கற்க வேண்டிய கலை.

அரிக்கமேட்டுச் சிறுவர்கள்

புதுச்சேரிக்கு அருகே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு, பழங்காலத் தமிழகத்தின் புகழ்பெற்ற துறைமுகங்களுள் ஒன்று. 1930களில் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் அங்குச் சென்றபோது, அவ்வூர்ச் சிறுவர்கள் மண்ணில் பொறுக்கிய மணிகளையும் கற்களையும் அவரிடம் கொண்டுவந்து கொடுத்தனர் என்பர். 1945-இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை ழான் மாரி கசாலும் அங்கு அகழாய்வு செய்தனர். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மீண்டும் அகழ்ந்தார். ரோமானிய மதுச் சாடிகளின் துண்டுகளும் இத்தாலியப் பாண்ட ஓடுகளும் உலகின் கவனத்தை ஈர்த்தன. ஆனால், அம்மண்ணில் அவற்றைவிட மிகுதியாகக் கிடைத்தவை சின்னஞ்சிறு கண்ணாடி மணிகள். மணிகள் மட்டுமல்ல, மணியாவதற்கு முந்திய கண்ணாடிக் குழாய்த் துண்டுகளும் உருகிய கழிவுகளும் கிடைத்தன. மணியை எவரும் எங்கும் கொண்டு செல்லலாம். கழிவை எவரும் கப்பலேற்ற மாட்டார். ஆகவே கழிவு கிடைக்கும் இடமே தொழில் நடந்த இடம். இந்த ஒரு கருத்தை மாணவர் மனத்தில் பதித்துவிட்டால் போதும், அவர்கள் பாதி ஆய்வாளர் ஆகிவிடுவர்.

தொழில் அரிக்கமேட்டோடு நின்றுவிடவில்லை. பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் நடத்திய அகழாய்விலும் கண்ணாடி மணி செய்த உலையின் தடயம் வெளிப்பட்டது. இலங்கையில் கிரிபாவ என்னுமிடத்திலும் பழங்காலக் கண்ணாடித் தொழிற்கூடம் கண்டறியப்பட்டது.

இழுத்துச் செய்த மணி

மணியை இருவகையில் செய்யலாம். இளகிய கண்ணாடியை ஒரு கம்பியில் சுற்றிச் சுற்றி ஒவ்வொன்றாகச் செய்வது ஒரு வகை. தென்னிந்தியக் கைவினைஞர் கையாண்டது மற்றொரு வகை. இளகிய கண்ணாடிக் கட்டியின் நடுவே துளையிட்டு, அதை ஒரே சீராக நீளமாக இழுப்பர். நடுத்துளை மூடாமலே கட்டி மெல்லிய குழாயாக நீளும். குழாயைச் சிறு துண்டுகளாக நறுக்குவர். நறுக்கிய விளிம்பு கூராக இருக்கும், கழுத்தை அறுக்கும். எனவே துண்டுகளைச் சாம்பலில் புரட்டுவர். சாம்பல் துளைக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். பிறகு சட்டியில் இட்டுச் சூடாக்கிக் கிளறினால் விளிம்பு மழுங்கி உருண்டையாகும், துளையோ சாம்பலின் காவலால் மூடாது நிற்கும். குளிர்ந்ததும் சாம்பலை நீக்கிச் சலித்து, அளவுவாரியாகப் பிரித்துக் கோப்பர்.

இது வெறும் கற்பனையன்று. ஆந்திராவில் திருப்பதிக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டை என்னும் ஊரில் இம்முறை இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலும் உயிரோடு இருந்தது. மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் அதனை நேரில் கண்டு, அரிக்கமேட்டுக் கழிவுகளோடு ஒப்பிட்டு எழுதினார்.

எண்ணிப் பாருங்கள். மணல் அள்ளியவர், உவர்மண் திரட்டியவர், விறகு வெட்டியவர், உலை காத்தவர், குழாய் இழுத்தவர், நறுக்கியவர், கிளறியவர், கோத்தவர் என ஒரு மணிக்குப் பின்னே எத்தனை கைகள்! அவர்களுள் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. நம் மாணவன் கணினியில் இருபது பேரை இருபது வேலைக்கு அனுப்பி நிருவகிக்கின்றானே, அந்தத் தொழிற்பகுப்பு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நடைமுறையில் இருந்தது. ஒரே குழாயிலிருந்து மணிகள் குவியல் குவியலாகக் கிடைத்தமையால் விலை குறைந்தது. விலை குறைந்தமையால் கடல் கடந்து எளிய மக்களின் கழுத்தையும் எட்டியது. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கொரியா வரை இவ்வகை மணிகள் கிடைப்பதால்தான் இவற்றுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயர்.

கடல் கடந்த கைத்தொழில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். பேராக் மாநிலத்தின் கடலோரச் சதுப்பு நிலத்தில் உள்ள கோலா செலின்சிங்கிலும், கெடாவில் சுங்கை மாஸ் என்னுமிடத்திலும் இவ்வகை மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. மணிகளோடு கண்ணாடிக் கட்டிகளும் கழிவுகளும் அங்கே கிடைத்தன. முன்பு கூறிய விதியை நினைவிற்கொள்க: கழிவு கிடைக்கும் இடமே தொழில் நடந்த இடம். எனவே, தென்னிந்தியாவில் பிறந்த அந்த நுட்பம் இம்மண்ணிலும் வேரூன்றி, இங்கு வாழ்ந்தோரின் கைத்தொழிலாகவும் ஆயிற்று.

மணி எந்த மணலில் பிறந்தது என்பதை அறியவும் வழி உண்டு. வேதியியல் ஆய்வில் கண்ணாடியிலுள்ள அலுமினாவின் அளவை நோக்குவர். ரோமானியக் கண்ணாடியில் அது பெரும்பாலும் 2, 3 விழுக்காடே. கருங்கல் தேய்ந்து உண்டான தென்னிந்திய, இலங்கை மணலால் செய்த கண்ணாடியில் 5 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கும். ஆயினும் ஓரிடத்தில் உருக்கிய கண்ணாடிக் கட்டியைக் கப்பலேற்றி, வேறோர் இடத்தில் மணியாக இழுக்கவும் கூடும். மணல் ஒருவருடையது, கை மற்றொருவருடையது.

நம் ஜொகூர் ஆறு

ஜொகூர் ஆற்றோர மணிகளை உலகுக்கு அறிவித்தவர் ஜொகூரில் சுங்க அதிகாரியாகப் பணியாற்றிய ஜெரால்டு கார்ட்னர் என்னும் ஆங்கிலேயர். 1937-இல் வெளிவந்த தம் கட்டுரையில், அம்மணிகள் மலாயாவுக்கும் ரோமானியப் பேரரசுக்கும் இடையே இருந்த கடல்வழித் தொடர்புக்குச் சான்று என்று அவர் வாதிட்டார். ஆனால் ஒரு மணி கிடைத்த மாத்திரத்தில், அதைச் செய்த நாட்டார் இங்கு வந்தனர் என்று முடிவு கட்ட இயலாது. மணி சிறியது, கெடாதது. பாட்டியிடமிருந்து பேத்திக்கும், ஒரு துறைமுகத்திலிருந்து அடுத்த துறைமுகத்துக்கும் கைமாறிக்கொண்டே செல்லும். அரிக்கமேடு செழித்திருந்த காலத்துக்கும் ஜொகூர் லாமா கோட்டை எழுந்த காலத்துக்கும் இடையே ஏறத்தாழ 1500 ஆண்டுகள் உள்ளன. கோட்டை எழுந்த காலத்தில் சீன மணிகளும் இப்பகுதிக் கடல்களில் வலம் வந்தன. ஜொகூர் லாமா மண்ணில் சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்திருப்பதும் அவ்வணிகத்தின் சுவடே.

ஆகவே மாணவனுக்கு நான் கூறிய விடை இதுதான்: "தம்பி, உன் விளையாட்டில் கோட்டைக்குத் தேவையான அனைத்தையும் கோட்டைக்குள்ளேயே செய்துகொள்ள வேண்டும். ஜொகூர் லாமாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதன் வாயிலில் ஆறு ஓடியது. ஆறு கடலைச் சேர்ந்தது. கடல் பல நாட்டு உலைகளை அதன் வாசலுக்குக் கொண்டுவந்தது."

அவன் சற்றுச் சிந்தித்துவிட்டு, "அப்படியானால் அந்த மணிகளை நம்மவர்கள் செய்தார்களா, இல்லையா?" என்று கேட்டான்.

நான் அகற்றிய அட்டை

இங்குதான் நான் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பின் வரலாற்று மூலையில் ஓர் அட்டையை ஒட்டினேன். "ஜொகூர் ஆற்றில் கிடைத்த மணிகள் யாவும் தமிழர் செய்தவை" என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். நம் பிள்ளைகள் தங்கள் முன்னோரைப் பால்மரம் வெட்டவும் செம்பனைக் குலை அறுக்கவும் மட்டுமே கப்பலேறியவர்களாக எண்ணிக் குன்றிவிடக் கூடாது என்ற ஆதங்கம் எனக்கு. ஆதங்கம் நியாயமானது. ஆனால் 'யாவும்' என்ற சொல் நியாயமன்று. அதற்கு என்னிடம் சான்று இல்லை. சான்றின்றி ஊட்டிய பெருமை, பிள்ளை வளர்ந்து நூல்களைத் தானே படிக்கும் நாளில் உடைந்துவிடும். அன்று அவன் அந்த அட்டையை மட்டுமா ஐயுறுவான்? அவன் ஆசிரியரையும், ஆசிரியர் கூறிய மெய்களையும் சேர்த்தே ஐயுறுவான்.

அன்று மாலையே அட்டையை அகற்றினேன். மறுநாள் மாணவர்கள் முன்னிலையில் என் பிழையைக் கூறினேன். புதிய அட்டையின் வாசகத்தை அந்த மாணவனே எழுதினான்: "மணியை இழுக்கும் கலையைத் தென்னிந்தியர் வளர்த்தனர். கெடாவிலும் பேராக்கிலும் அக்கலை நடந்தது. ஜொகூர் ஆற்றுக்குக் கடல் பல மணிகளைக் கொண்டுவந்தது." மூன்றே வாக்கியம். பெருமையும் குறையவில்லை, உண்மையும் குறையவில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு சிறு பயிற்சி. வீட்டில் ஓர் உறிஞ்சுகுழலைப் பிள்ளையிடம் கொடுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி நூலில் கோக்கச் சொல்லுங்கள். ஒரு குழலில் எத்தனை மணி கிடைத்தது என்று எண்ணச் சொல்லுங்கள். விளிம்பு ஏன் விரலை உறுத்துகிறது, அதை மழுக்க என்ன செய்யலாம் என்று வினவுங்கள். பள்ளி விடுமுறையில் ஒருமுறை ஜொகூர் லாமாவுக்கும் அழைத்துச் செல்லுங்கள். அரண்மேல் நின்று ஆற்றைப் பார்த்தால், கோட்டை ஏன் அங்கே எழுந்தது என்பது பிள்ளைக்குத் தானே விளங்கும்.

கணினி விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று பெற்றோர் சந்திப்புகளில் நானும் பலமுறை பேசியிருக்கிறேன். நேரத்துக்கு எல்லை வேண்டும் என்பதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இம்முறை அந்த விளையாட்டிலிருந்து எழுந்த ஒரு வினாதான் என் அட்டையைத் திருத்தியது. பிள்ளை என்ன விளையாடுகிறான் என்று கேட்டறிவதும் நம் கடமைகளுள் ஒன்று எனத் தோன்றுகிறது.