யார் என்ற முதல் கேள்வி



அயோத்திதாசப் பண்டிதர் நினைவாக நடக்கும் இச்சொற்பொழிவில் இதழியல் கல்வியைப் பற்றிப் பேச விரும்புகிறோம். காரைக்காலிலிருந்து நம் பிள்ளைகள் இதழியல் படிக்கப் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் போகிறார்கள். அவர்களிடம் கொடுத்தனுப்ப வேண்டிய வரலாறு ஒன்று நம்மிடம் இருக்கிறது.

நாங்கள் சமூகவியல் முதுகலை படித்தபோது இதழியலை விருப்பப் பாடமாக எடுத்தோம். யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளை முதல் வாரமே சொல்லிக் கொடுத்தார்கள். முக்கியமானதை முதலில் சொல், மற்றதைப் பின்னால் அடுக்கு. அதற்குத் தலைகீழ்ப் பிரமிடு என்று பெயர். பயிற்சிக்காக ஒரு சேரியின் சுடுகாட்டுப் பாதையைப் பற்றி எழுதினோம். 'பாதை மறிக்கப்பட்டது, பிணம் வயல் சேற்றில் தூக்கிச் செல்லப்பட்டது' என்று தொடங்கினோம். நல்ல மதிப்பெண் கிடைத்தது. மறித்தது யார் என்று ஆசிரியர் கேட்கவில்லை. நாங்களும் எழுதவில்லை. ஆனால், எங்களுக்குத் தெரியும்.

இந்தத் தொழிலைப் பல்கலைக்கழகம்தான் உருவாக்கியது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகம் இதழியல் பள்ளியைத் தொடங்கியது 1908இல். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பாடம் வந்தது 1947இல். இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியதோ 1893 அக்டோபரில். பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்' சென்னை ராயப்பேட்டையிலிருந்து வெளிவந்தது 1907 ஜூன் 19 அன்று. மறு ஆண்டு 'தமிழன்' என்று பெயர் மாறி, 1914இல் அவர் இறக்கும்வரை வாரந்தோறும் வந்தது. பட்டம் வாங்காமலே நம் முன்னோர் செய்தி சேகரித்தார்கள், அச்சுக் கோத்தார்கள், சந்தா திரட்டினார்கள், கோலார் தங்கவயல் வரை வாசகரைச் சேர்த்தார்கள்.

அவர்கள் முதலில் பதில் சொன்ன கேள்வி 'யார்' என்பதுதான். இழிவென்று வீசப்பட்ட பெயரையே சீனிவாசன் முகப்பில் அச்சிட்டார். பேசுவது யார் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. 1920 ஜனவரி 31இல் அண்ணல் அம்பேத்கர் மராத்தியில் தொடங்கிய இதழுக்கு 'மூக்நாயக்', அதாவது ஊமைகளின் தலைவன், என்று பெயர் வைத்ததும் அப்படித்தான்.

அந்தக் கேள்வி தொலைந்தால் என்ன ஆகும் என்பதை அறிய நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நமக்குத் தெற்கே, இதே டெல்டாவில், கீழ்வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். அதைக் 'கூலித் தகராறு' என்று சுருக்கிச் சொல்வோர் இன்றும் உண்டு. கூலி உண்மை, ஆனால் அந்தச் சொல்லில் செத்தவர்களின் சாதியும் இல்லை, தீ வைத்தவர்களும் இல்லை. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட மிராசுதார்களை விடுவித்தது. 'கொல்லப்பட்டார்கள்' என்ற சொல் மட்டும் நமக்கு மிஞ்சியது. கொன்றது யார்?

தமிழில் செயப்பாட்டு வினை வசதியானது. 'எரிக்கப்பட்டது', 'தாக்கப்பட்டார்' என்று எழுதினால் செய்தவர் வாக்கியத்திலிருந்து நழுவிவிடுவார். இது இலக்கணத்தோடு நிற்பதில்லை. 1996இல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர் டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடினார், ஒருவரும் கிடைக்கவில்லை. 2006இல் டெல்லியின் 37 ஊடகங்களில் முடிவெடுக்கும் இடத்திலிருந்த 315 பேரை ஆராய்ந்தார்கள். தலித்தோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை. அப்படிப்பட்ட மேசைக்கு வரும் செய்தியில் 'யார்' என்று கேட்க யார் இருக்கிறார்கள்?

ஆகவே மாணவர்களே, நுட்பங்களை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். கோபம் மட்டும் செய்தியாகாது. முதல் தகவல் அறிக்கையை வாங்கிப் படியுங்கள், நிலப் பதிவேட்டைப் பாருங்கள், எதிர்த்தரப்பையும் கேளுங்கள், சான்று இல்லாமல் பெயர் போடாதீர்கள். சான்று இருந்தால் பெயரை விழுங்காதீர்கள். 'பட்டது' என்று முடியும் ஒவ்வொரு வாக்கியத்திலும் நின்று, செய்தவர் எங்கே என்று தேடுங்கள்.

அந்தச் சுடுகாட்டுப் பாதைச் செய்தியை இன்று எழுதினால், மறித்தவர் பெயரிலிருந்தே தொடங்குவோம்.