தின்னா ஏன் வாணியைக் கடத்தினான்?

2018-இல் 'டிக் டிக் டிக்' வெளியானபோது அதை 'இந்தியாவின் முதல் விண்வெளிப் படம்' என்றுதான் விளம்பரம் செய்தார்கள். ஆனால் அதற்கு 55 ஆண்டுகளுக்கு முன்பே எம்.ஜி.ஆர். பறக்கும் தட்டில் ஏறி வேற்றுக்கிரகம் போய், அங்கே நம்பியாரோடு வாட்சண்டை போட்டு, காதலியை மீட்டுக்கொண்டு பூமிக்குத் திரும்பிவிட்டார். அந்தப் படத்தின் பெயர் 'கலைஅரசி'. வெளியான நாள் 1963 ஏப்ரல் 19.

இன்றைக்கு இந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டே விதமாகத்தான் வருகிறது. ஒன்று, "அட, எம்.ஜி.ஆர். ஏலியன் படத்துல நடிச்சிருக்காரா?" என்ற வியப்பு. இன்னொன்று, உடுப்பையும் விண்கலத்தையும் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பது. நானும் நண்பர்களும் ஒரு சனிக்கிழமை ராத்திரி மடிக்கணினியில் போட்டுப் பார்த்தபோது நன்றாகவே சிரித்தோம். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் சிரித்து முடித்த பிறகு எனக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து அந்த வில்லன்கள் எதற்காக வந்தார்கள்?

முதலில் கதை. மோகன் படித்த விவசாயி. பணக்கார வீட்டுப் பெண் வாணியைக் காதலிக்கிறான். வாணி அருமையாகப் பாடுவாள். வேற்றுக்கிரகத்திலிருந்து வரும் தின்னா அவளைத் தேர்ந்தெடுத்துத் தூக்கிக்கொண்டு போகிறான். அவர்கள் கிரகத்தில் அறிவியல் இருக்கிறது, கலை இல்லை. அங்கே கலையைக் கற்றுத்தர ஒரு ஆசிரியை வேண்டும். அதற்காகத்தான் கடத்தல். பூமியில் வாணியைப் போலவே இருக்கும் வள்ளி என்ற பெண்ணை வைத்து ஒரு ஆள்மாறாட்டக் கதை தனியாக ஓடுகிறது. மோகன் விண்கலத்தில் ஒளிந்து அங்கே போய்ச் சேர்கிறான். அங்கே அவனைப் போலவே ஒரு கோமாளி. அந்தக் கோமாளியின் இடத்தில் மோகன் அரண்மனைக்குள் நுழைகிறான். ராஜஸ்ரீ அந்தக் கிரகத்து இளவரசி. கடைசியில் சண்டை, விடுதலை, வீடு திரும்பல்.

மோகனாகவும் கோமாளியாகவும் எம்.ஜி.ஆர்., வாணியாகவும் வள்ளியாகவும் பானுமதி, தின்னாவாக எம்.என். நம்பியார். டி.இ. ஞானமூர்த்தியின் கதை, ரவீந்தர் வசனம், கே.வி. மகாதேவன் இசை. இயக்கியவர் ஏ. காசிலிங்கம். எம்.ஜி.ஆரை வைத்து 1950-இல் 'மருதநாட்டு இளவரசி' எடுத்தவர், 1956-இல் அண்ணாவின் நாவலிலிருந்து 'ரங்கோன் ராதா' எடுத்தவர். எல்லோரும் தொழில் தெரிந்தவர்கள். ஏதோ விளையாட்டுக்கு எடுத்த படம் என்று ஒதுக்கிவிட முடியாது.

வருடத்தையும் கவனிக்க வேண்டும். யூரி ககாரின் விண்வெளிக்குப் போனது 1961 ஏப்ரல் 12. 'கலைஅரசி' அதற்குச் சரியாக 2 ஆண்டும் ஒரு வாரமும் கழித்து வருகிறது. வாலன்டினா தெரஷ்கோவா, விண்வெளிக்குப் போன முதல் பெண், கிளம்பியது 1963 ஜூன் 16. அதாவது வாணி தெரஷ்கோவாவை இரண்டு மாதம் முந்திவிட்டாள். என்ன, அவள் விரும்பிப் போகவில்லை. தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் மேலே போனது அதே ஆண்டு நவம்பர் 21. அதுவும் நாசா கொடுத்த ராக்கெட். அப்போது தும்பாவில் ஒரு பழைய தேவாலயம்தான் அலுவலகம். ராக்கெட்டின் பாகங்களைச் சைக்கிளில் எடுத்துப் போனார்கள்.

இந்த மாதிரிக் கையில் இருப்பதை வைத்துக் காரியம் செய்யும் வேலை பொறியாளனான எனக்குப் பரிச்சயமானது. புது இயந்திரத்தை யாரும் வெறும் தரையிலிருந்து செய்வதில்லை. ஏற்கெனவே ஓடும் பாகங்களை எடுத்து மாற்றிப் பொருத்துவோம். தமிழ் சினிமாவிடம் 1963-இல் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பாகங்கள் எவை? ராஜா ராணிப் படம். அரசன், இளவரசி, சதி செய்யும் தளபதி, இரட்டை வேடம், மாறுவேடத்தில் அரண்மனைக்குள் நுழையும் நாயகன், முடிவில் வாட்சண்டை. 'கலைஅரசி' இந்தப் பாகங்களை அப்படியே கழற்றி வேறொரு கிரகத்தில் பொருத்துகிறது. அதனால்தான் அங்கே எல்லோரும் தமிழ் பேசுகிறார்கள், ராக்கெட் காலத்திலும் வாள் வீசுகிறார்கள்.

அந்தச் சமயத்தில் எம்.ஜி.ஆரே அரண்மனையை விட்டு மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தார். அதே 1963-இல் வந்த 'பணத்தோட்டம்', 'பெரிய இடத்துப் பெண்', 'நீதிக்குப் பின் பாசம்' எல்லாம் சமூகப் படங்கள். அரண்மனைக்குப் பூமியில் மவுசு குறைந்துகொண்டே வந்த காலத்தில் இந்தப் படம் அதைத் தூக்கி விண்வெளியில் வைத்தது. ஹாலிவுட் படத்தின் நகல் என்று நினைத்துப் பார்த்தால் 'கலைஅரசி' தேறாது. ராஜா ராணிக் கதை எடுத்த கடைசி அவதாரங்களில் ஒன்று என்று பார்த்தால் எல்லாம் இடத்தில் உட்கார்கிறது.

இனி வில்லன்களுக்கு வருவோம். 1950-களின் அமெரிக்கப் படங்களில் வேற்றுக்கிரகவாசிகள் பூமியைப் பிடிக்க வருவார்கள். 1953-இல் வந்த 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' படத்தில் செவ்வாய்க்காரர்கள் ஊர் ஊராக எரிக்கிறார்கள். 1956-இல் வந்த 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்' படத்தில் மனிதர்கள் தூங்கும்போது அவர்களைப் போலவே உருவம் எடுத்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். பனிப்போர்க் காலத்து அமெரிக்காவின் பயம் அது. அந்தப் பக்கத்து ஆள் வந்து நம் மண்ணைப் பிடித்துவிடுவான், நம் மூளைக்குள் புகுந்துவிடுவான்.

தின்னாவுக்கு நம் மண் வேண்டாம், தங்கம் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஒரு பாட்டு டீச்சர் போதும். கொஞ்சம் யோசித்தால் இது எவ்வளவு கர்வமான கற்பனை என்று தெரியும். சொந்தமாக ஒரு ராக்கெட்கூட விடாத நாட்டில் இருந்துகொண்டு, 'உங்களிடம் எல்லா இயந்திரமும் இருக்கலாம், ஆனால் உங்களுக்கு இல்லாத ஒன்று எங்களிடம் இருக்கிறது, அதைத் திருடத்தான் நீங்கள் வரவேண்டியிருக்கும்' என்று சொல்கிறது இந்தப் படம். அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்புதான், 1943-இல், சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியிருந்தது. மொழியும் பாட்டும் ஒரு மக்களின் சொத்து, அதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற பேச்சு ஊரெங்கும் இருந்த காலம். அந்தச் சொத்தின் மதிப்பை வேற்றுக்கிரகத்தானை விட்டே ஒப்புக்கொள்ள வைத்தார்கள்.

பானுமதியை வாணியாகப் போட்டதும் பொருத்தம். சொந்தக் குரலில் பாடுபவர், கதை எழுதுபவர், பரணி ஸ்டுடியோவின் உரிமையாளர், 1953-இல் 'சண்டிராணி' படத்தைத் தமிழ், தெலுங்கு, ஹிந்தி மூன்றிலும் இயக்கியவர். பின்னாளில் சென்னையில் அரசு இசைக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார். தின்னா சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறான்!

இவ்வளவும் சென்னையில் இருந்து பார்த்தால். நான் பிறந்து வளர்ந்தது சிங்கப்பூர். இங்கிருந்து பார்த்தால் இதே படம் கொஞ்சம் சங்கடப்படுத்துகிறது.

படத்தில் வேற்றுக்கிரகவாசிகள் தூரத்தில் இருப்பதைத் திரையில் பார்ப்பது ஒரு அதிசயம். சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது 1975-இல்தான். சிங்கப்பூரிலோ 1963 பிப்ரவரி 15 அன்றே தொலைக்காட்சி தொடங்கிவிட்டது, படம் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு. தொடங்கிவைத்தவர் அப்போதைய கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்தினம், யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். வீட்டில் பெட்டி வாங்க முடியாதவர்கள் சமூக நிலையங்களில் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார்கள். ஆக, தின்னாவின் கையில் இருந்த கருவி அப்போதே எங்கள் கையிலும் இருந்தது. அதற்கப்புறம் வந்த துறைமுகம், தொழிற்பேட்டை, அடுக்குமாடி வீடுகள், எம்ஆர்டி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், சின்னத் தீவு ஒன்று இயந்திரங்களால் தன்னைக் கட்டிக்கொண்ட கதைதான் எங்கள் பாடப்புத்தகம். 'கலாசாரப் பாலைவனம்' என்ற பெயரும் இந்த ஊருக்கு ரொம்ப காலம் இருந்தது. 1969-இல் பல்கலைக்கழக மாணவர்களிடம் பேசிய பிரதமர் லீ குவான் யூ, கவிதை நமக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்ற பொருளில் சொன்னதை இன்றும் இங்கே எழுதுகிறவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள்.

அறிவியல் உண்டு, கலை இல்லை, அதற்கு ஆள் வெளியிலிருந்து வரவேண்டும். மோகனின் ஊரைவிட தின்னாவின் கிரகம்தான் எனக்குச் சொந்த ஊர் மாதிரித் தெரிகிறது. உள்ளூர்ப் பல்கலையில் பொறியியல் படித்துவிட்டு, வேலை முடிந்த ராத்திரிகளில் தமிழில் எழுதிப் பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு இந்தப் படத்தில் நாயகன் பக்கம் உட்கார உரிமை இருக்கிறதா என்பதே சந்தேகம்.

ஆனால் எங்கள் வரலாறு படத்தின் கதையிலிருந்து ஒரு இடத்தில் விலகிப் போகிறது. தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலை வழியாக நடந்து ஃபேரர் பார்க் பக்கம் திரும்பினால் ஸ்டார்லைட் சாலையில் சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் இருக்கிறது. 1949-இல் தொடங்கியது. 1952-இல் நடனக் கலைஞர் கே.பி. பாஸ்கர் இங்கே தன் நடனப் பள்ளியைத் தொடங்கினார். கேரளத்திலிருந்து வந்து அவரோடு சேர்ந்த சாந்தா பாஸ்கர் 1958-இல் ஒரு காரியம் செய்தார். லியாங் ஷான்போ, சூ யிங்தாய் என்ற சீனக் காதலர்களின் பழங்கதையைப் பரதநாட்டியமாக்கி மேடையேற்றினார். 1990-இல் சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

இவர்களை யாரும் தூக்கிக்கொண்டு வரவில்லை. தாங்களாக வந்தார்கள், தங்கினார்கள். தங்கியதால் கலையும் மாறியது. சென்னையில் யாரும் யோசித்திருக்க முடியாத ஒரு பட்டாம்பூச்சிக் கதை இங்கே ஜதியோடு ஆடியது. 'கலைஅரசி' வெளியாவதற்கு ஐந்தாண்டு முன்னால் இது நடந்துவிட்டது.

படத்தால் இப்படி ஒன்றைக் கற்பனை செய்ய முடியவில்லை. அதன் கணக்கில் கலை என்பது நகை மாதிரி. ஒன்று, நம்மிடம் இருக்கும். இல்லாவிட்டால், திருடு போயிருக்கும். வேறு மண்ணில் அது முளைக்கலாம், முளைத்து வேறு பூ பூக்கலாம் என்ற மூன்றாவது வழி அந்தக் கணக்கில் இல்லை. அதனால் வாணியை மீட்பதைத் தவிர மோகனுக்கு வேறு வேலையும் இல்லை. கடத்திக் கொண்டுபோனால் மீட்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் தின்னாவின் குற்றம் கடத்தல். கலை வேண்டும் என்று ஒரு கிரகம் ஆசைப்பட்டதைக் குற்றத்தில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் படம் ஏன் கவனத்திலிருந்து நழுவியது? தமிழில் இதற்குப் பின்னால் வரிசை ஏற்படவில்லை என்பது முதல் காரணம். இதற்கு முன்னால் 1952-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கக் கூட்டுத் தயாரிப்பாக எடுத்த 'தி ஜங்கிள்' உண்டு. அதில் வருவது காட்டுக்குள் உலவும் மாமத யானைகள், வேற்றுக்கிரகவாசிகள் இல்லை. இதற்குப் பிறகு எம்.ஜி.ஆர். விண்வெளிப் பக்கம் போகவில்லை. 2024-இல் 'அயலான்' வந்தபோது அது எங்கோ வெளியிலிருந்து புதிதாகத் தொடங்குவது போலத்தான் தொடங்கியது. இன்னொரு காரணம், எதை வரலாறாக எழுதுகிறோம் என்பது. சத்யஜித் ராய் 1967-இல் எழுதிய 'தி ஏலியன்' திரைக்கதை கடைசிவரை படமாகவே இல்லை. வங்காளக் கிராமத்துக் குளத்தில் இறங்கும் விண்கலம் உலக சினிமாப் புத்தகங்களில் இடம் பிடித்துவிட்டது. அதற்கு நான்காண்டு முன்பே எடுத்து, தியேட்டரில் ஓட்டி, ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்த 'கலைஅரசி'க்கு ஒரு அடிக்குறிப்பு கிடைத்தாலே பெரிது. ராயின் திரைக்கதை மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வாளும் பாட்டும் கோமாளியும் இருந்தால் அது யோசனையாக எண்ணப்படாது என்ற பழக்கத்தை நாம் கொஞ்சம் விடலாம்.

முடிவில் மோகனும் வாணியும் பூமிக்குத் திரும்ப, படமும் அவர்களோடு திரும்பிவிடுகிறது. அந்தக் கிரகத்தை அதற்கப்புறம் நாம் பார்ப்பதில்லை. வாணி அங்கே விட்டுவிட்டு வந்த பாட்டு என்ன ஆனது? யாராவது அதை முணுமுணுத்திருப்பார்களா? சுதியில்லாமல் பாடிப் பழகி, 60 ஆண்டுகளில் அது அவர்களுடைய பாட்டாகவே மாறியிருக்குமா? அந்தக் கதையை யாராவது எழுதினால் நன்றாக இருக்கும். அது சிங்கப்பூரிலிருந்து வந்தால் இன்னும் நன்றாக இருக்கும், ஏனென்றால் அந்தக் கிரகத்தில் வாழ்ந்த அனுபவம் எங்களுக்கு இருக்கிறது.