வல்லுநர் தகவல் (வயர்ஷார்க்)

வல்லுநர் தகவல் என்பது, வயர்ஷார்க் மென்பொருள் பதிவுசெய்த நெட்வொர்க் பாக்கெட்டுகளில் காணும் வழக்கமீறல்களைத் தொகுத்துக் காட்டும் வசதி.

வகைகள்: தீவிரத்தின் ஏறுவரிசையில் உரையாடல், குறிப்பு, எச்சரிக்கை, பிழை என நான்கு முதன்மை நிலைகள் உண்டு. டிசிபி நெறிமுறையின் மறு அனுப்பல் குறிப்பிலும், முந்தைய துண்டு பதிவாகாமை எச்சரிக்கையிலும், சிதைந்த பாக்கெட் பிழையிலும் சேரும். பதிவுகள் செக்சம் (பிழைகாணும் சரிபார்ப்பு எண்), வரிசை, நெறிமுறை முதலிய குழுக்களாகவும் பிரிக்கப்படும்.

பயன்பாடு: பகுப்பாய்வுப் பட்டியிலிருந்து இதைத் திறக்கலாம்; வயர்ஷார்க்கின் கட்டளைவரி வடிவமான டிஷார்க் இதே தொகுப்பைத் தரும்.

வரலாறு: ஜெரால்ட் காம்ப்ஸ் 1998இல் ஈத்தரியல் என வெளியிட்ட மென்பொருள் 2006இல் வயர்ஷார்க் எனப் பெயர் மாறியது.

வரம்பு: செக்சம் கணக்கீட்டை நெட்வொர்க் அட்டையே செய்யும் கணினிகளில், அனுப்பும் பாக்கெட்டுகள் அட்டையை அடையுமுன் பதிவாவதால் பொய்யான செக்சம் பிழைகள் தோன்றலாம். எச்சரிக்கை இல்லாமை, கோளாறு இல்லை என்பதற்குச் சான்றாகாது.